கல்யாணமாகாத மகளின் வரிசை

எனக்கு இருபத்து மூன்று வயது நடக்கும்போது அம்மாவும் அப்பாவும் தம்பியும் அமெரிக்காவில் குடியேறப் போனார்கள். நான் திருவனந்தபுரம் விமான நிலையம் வரைக்கும் போனேன்.

அதற்கு மேல் போவதற்கு எனக்கு வயது கூடிவிட்டது. டல்லாஸில் நர்ஸாக இருந்து அங்கேயே சிட்டிசனாகிவிட்ட பெரியம்மா, தங்கைக்கும் தங்கை குடும்பத்துக்குமாக மனுக் கொடுத்தபோது நான் ஆரம்பப் பள்ளியில் வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தேன். அந்த மனு ஊர்ந்து ஊர்ந்து முன்னால் வருவதற்குள் பள்ளி முடித்து, லேப் டெக்னீஷியன் படித்து, பனச்சமூட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்கும் சேர்ந்துவிட்டேன். பெற்றோரோடு ஒட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால் இருபத்தோரு வயதுக்குள் இருக்க வேண்டுமாம். தம்பிக்குப் பத்தொன்பது. அன்றுவரை சொந்தமாக ஒரு முட்டை பொரித்துத் தின்றறியாதவன். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவன் பிள்ளை, நான் வளர்ந்த ஆள். அந்த ஒரு விஷயத்தில் அமெரிக்கா எங்கள் இருவரையும் சரியாகவே புரிந்துவைத்திருந்தது.

விமான நிலைய வாசலில் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "போன உடனே உனக்கு பெட்டிஷன் போடுவேன் மக்கா. அது வரது வரைக்கும் நீ கல்யாணம் மட்டும் களிச்சிராத, கேட்டியா" என்றாள். பக்கத்தில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் திரும்பி எங்களை ஒரு மாதிரி பார்த்தார். மகளிடம் இப்படி ஒரு வாக்குக் கேட்கிற தாயை அவர் அதற்கு முன் கண்டிருக்கமாட்டார்.

நான் கேரள எல்லையோரத்தில் இருக்கும் எங்கள் ஊரான குன்னத்துகாலுக்குத் திரும்பி வந்தேன். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு மாமாவுடையது. அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன். நெய்யாற்றின்கரை கோர்ட்டில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். கோர்ட்டை விட்டு வந்த பிறகு வாதாட ஒரு வழக்கும் இல்லாமல் வாடிப்போயிருந்த மனிதருக்கு என் பெட்டிஷன் கிடைத்ததும் புது உயிர் வந்தது. முதல் வாரத்திலேயே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து சட்டத்தை விளக்கினார்.

"கிரீன் கார்டு உள்ளவங்களுக்க கல்யாணமாகாத மக்களுக்கு ஒரு வரிசை. அதிலயாக்கும் நீ நிக்குத. சிட்டிசனுக்க கல்யாணமாகாத மக்களுக்கு வேற ஒரு வரிசை. சிட்டிசனுக்க கல்யாணமான மக்களுக்கு மூணாவது வரிசை, அது பாறசாலையில இருந்து கொல்லம் வரைக்கும் நீளும். கிரீன் கார்டு உள்ளவங்களுக்க கல்யாணமான மக்களுக்கு..."

"அவங்களுக்கு?"

"வரிசையே கிடையாது. தாலி கட்டின அந்த நிமிஷம் பெட்டிஷன் செத்தாச்சு. பின்ன ஜெபம் பண்ணியும் காரியமில்ல."

எங்கள் ஊரில் தாய்மாமன் என்றால் மருமகளுக்கு மாப்பிள்ளை தேடி ஓடுகிற ஆள். என் மாமா மாப்பிள்ளைகளைத் துரத்தி ஓடினார். கல்யாணத் தரகர்கள் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டாலே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். "இப்பம் ஒந்நும் நோக்குந்நில்ல" என்று மலையாளத்தில் ஒரு தடவை, புரியாமல் போனால் தமிழில் ஒரு தடவை. ஒரு தரகர் மட்டும் விடாமல், "பையன் கத்தாரில் எஞ்சினீயர், அவனுக்கும் விசா உண்டு" என்று வாதாடிப் பார்த்தார். மாமா அவருக்கு அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தை அரைமணி நேரம் நடத்தினார். தரகர் அதன்பிறகு எங்கள் சந்துக்குள்ளேயே வரவில்லை.

வருடங்கள் போயின. என்னோடு ஓய்வுநாள் பள்ளியில் படித்தவர்களெல்லாம் கல்யாணம் களித்து, அவர்களுடைய பிள்ளைகளும் அதே ஓய்வுநாள் பள்ளியில் சேர்ந்தார்கள். சபையில் எனக்காக ஜெபிக்கும்போது எங்கள் போதகருக்கு ஒரு சங்கடம் இருந்தது. மற்ற பெண்களுக்கெல்லாம் "நல்ல துணையை ஏற்பாடு செய்யும் ஆண்டவரே" என்று கேட்கிறவர், என் முறை வரும்போது "இவளுடைய காரியத்தை ஏற்ற வேளையில் வாய்க்கச் செய்யும்" என்று பொதுவாக நிறுத்திக்கொள்வார். கடவுள் தவறுதலாகத் துணையை அனுப்பிவிட்டால் பெட்டிஷன் போய்விடும் என்று மாமா அவரை எச்சரித்து வைத்திருந்தார்.

லேபிலும் இதே கதைதான். சுகர் பார்க்க வருகிறவர்கள், கொழுப்புப் பார்க்க வருகிறவர்கள், யாராக இருந்தாலும் கையை நீட்டியதும் முதல் கேள்வி, "அமெரிக்கா என்னாச்சு பிள்ளே?" கையில் ஊசியோடு நிற்பவளிடம் கேட்க வேண்டிய கேள்வியா அது என்று ஒருவரும் யோசித்ததில்லை. தேதி முன்னால் வருகிறது என்பேன். சில மாதம் அது பின்னாலும் போகும். எந்தத் தேதியில் போட்ட மனு வரை வந்திருக்கிறது என்று அமெரிக்காக்காரர்கள் மாதாமாதம் வெளியிடுவார்கள். ஆள் அதிகமாகிவிட்டால் தேதியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். அதை வெள்ளறடையிலிருந்து வந்த ஒரு ரப்பர் வியாபாரியிடம் சொன்னபோது, "நம்ம ரப்பர் விலை கணக்காக்கும்" என்று ஒரே வரியில் புரிந்துகொண்டார்.

அமெரிக்க விசாவுக்கான போட்டோ ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று மாமா எங்கோ படித்துவிட்டார். விசா எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. அதனால் எப்போது வந்தாலும் கையில் புதுப் போட்டோ இருக்க வேண்டும் என்பது அவருடைய தீர்ப்பு. வருடத்துக்கு இரண்டு முறை என்னைப் போட்டோ எடுக்க அனுப்பினார். லேபுக்கு எதிரே, பஸ் ஸ்டாப்பை ஒட்டி மாடியில் ஒரு ஸ்டுடியோ இருந்தது. அங்கேதான் போவேன்.

ஸ்டுடியோக்காரர் என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். கேரளத்துக் கல்யாணம், தமிழ்நாட்டுக் கல்யாணம் இரண்டுக்கும் போவார். சாவு வீட்டுக்கும் போவார். கல்யாணத்தில் யாரும் நேராக நிற்கமாட்டார்கள், சாவு வீட்டில் அந்தத் தொந்தரவு இல்லை என்பார். அப்பா இல்லை, அம்மாவோடு வாழ்ந்தார். சங்கராந்திக்கு ஐயப்பன் கோவிலுக்குப் போகிற வீடு. லேபில் இருக்கிற பெண்களையெல்லாம் ஊர் சிஸ்டர் என்று கூப்பிடுவதால் அவரும் என்னை சிஸ்டர் என்றார். நான் அவரை அண்ணா என்றேன். எங்களைப் பற்றி யாருக்கும் எந்தச் சந்தேகமும் வராமல் போனதற்கு இந்த இரண்டு வார்த்தைகள் ஒரு காரணம்.

"வெள்ளைப் பின்னணி. ரெண்டு காதும் தெரியணும். கண்ணாடி வேண்டாம். சிரிக்கக் கூடாது சிஸ்டர்" என்பார். அவர் அப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வரும். கேமராவை இறக்கிவிட்டுக் காத்திருப்பார். மறுபடி தூக்குவார். நான் மறுபடி சிரிப்பேன். "அமெரிக்காவுக்கு இது ஒக்காது" என்று சொல்லிக்கொண்டே அந்தச் சிரிக்கிற படத்தையும் எடுத்துவிடுவார். விசாவுக்கான படங்களை மாமாவிடம் கொடுப்பேன். சிரித்த படங்களை அவர் என்ன செய்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்கு ஓரளவு தெரிந்திருந்தது.

இப்படியே சில வருடம் போட்டோ எடுத்துக்கொண்டோம். வேறொன்றும் நடக்கவில்லை. மழைக்காலத்தில் அவர் கடைப் பையனைக் கூப்பிடாமல் தானே சாயா வாங்கி லேபுக்குக் கொண்டுவருவார். காய்ச்சல் வந்தால் நான் பிளேட்லெட் எண்ணிச் சொல்வேன். இவ்வளவுதான்.

ஒருநாள் காலையில் வெறும் வயிற்றோடு லேபுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சுகரா என்று கேட்டேன். "பிளட் குரூப்பும் வேணும். எல்லாம் பாருங்க" என்றார்.

கையில் ரப்பர் வாரைக் கட்டினேன். நரம்பைத் தட்டிக்கொண்டே, "என்னத்துக்கு இப்பம் எல்லாம்?" என்றேன்.

"அம்பூரியில ஒரு பிள்ளை பாத்திருக்கு அம்மா. அவங்க வீட்டில ரிப்போர்ட் கேட்டாங்க. வாற ஞாயிறு போறோம்."

நான் குத்தினேன். பத்து வருடத்துக்கு மேலான என் லேப் வாழ்க்கையில் குழந்தைகளின் நூல் நரம்பைக்கூட முதல் குத்தில் பிடித்தவள். அவருடைய கை நரம்பு கயிறு மாதிரி புடைத்து நிற்கும். அது தவறிப்போனது. இன்னொரு முறை குத்தினேன். அதுவும் தவறியது. அவர் மறுகையை நீட்டினார்.

"இதுலயும் கிட்டாது" என்றேன்.

"ஏன்?"

"போவாண்டாம்."

"எங்க?"

"அம்பூரிக்கு."

லேபில் வேறு இரண்டு பேர் ரிசல்ட்டுக்காக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் செய்தித்தாளைக் கொஞ்சம் கீழே இறக்கினார். ஸ்டுடியோக்காரர் குரலைத் தாழ்த்தி, "சிஸ்டருக்கு பெட்டிஷன் உண்டில்லா" என்றார்.

"உண்டு."

"அது எனக்கும் தெரியும், பனச்சமூட்டில எல்லாருக்கும் தெரியும். அதனாலதானே நான் ஒண்ணும் பறையாம இருந்தேன்."

"இப்பம் நான்தானே பறையுதேன். இனி சிஸ்டர்னு கூப்பிடாதீங்க."

கட்டிய வாரை அவிழ்க்க மறந்துவிட்டேன். அவர் கை நீலமாகிவிட்டது. தானே அவிழ்த்துக்கொண்டு, பஞ்சை அழுத்தியபடி எழுந்து போனார். ஞாயிற்றுக்கிழமை அம்பூரிக்குப் போகவில்லை. பரிசோதனைக்கு ரத்தமே எடுக்கமுடியவில்லை என்று அவர் தன் அம்மாவிடம் சொன்ன காரணத்தை அந்த அம்மா நம்பவில்லை. எழுந்து நடமாடுகிற ஆளுக்கு ரத்தம் எடுக்க முடியாமல் எப்படிப் போகும் என்று லேபுக்கே வந்து என்னிடம் கேட்டார். நான் முழித்ததைப் பார்த்துவிட்டு, வேறொன்றும் கேட்காமல், தன் கையை நீட்டி, "எனக்கு சுகர் பாரு" என்றார்.

அடுத்து அம்மாவிடம் சொல்ல வேண்டும். வீடியோவில் அழைத்தேன். அம்மா டல்லாஸில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். அன்று அவளுக்கு லீவு. சமையலறையில் நின்று கப்பைக் கிழங்கின் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்கு ஒரு ஆள் உண்டு."

கத்தி நின்றது. "எந்த சபை?"

"சபை இல்ல."

"பின்ன?"

"ஸ்டுடியோ."

பின்னால் சோபாவில் இருந்து அப்பாவின் குரல், "வீடியோவும் எடுப்பானா?" என்று கேட்டது. அப்பா கல்யாண வீடுகளில் சாப்பாட்டுக்கு அடுத்தபடியாக வீடியோவைக் கவனிக்கிற ஆள்.

"பெட்டிஷன்?" என்றாள் அம்மா.

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். நீங்க சிட்டிசன் ஆயிட்டா நான் கல்யாணம் களிச்சாலும் பெட்டிஷன் சாவாது. வரிசை மாறும், அவ்வளவுதான். உங்களுக்கு அதுக்கு வேண்டிய வருஷமெல்லாம் எப்பமோ ஆயாச்சு. நீங்கதான் அப்ளை பண்ணாம இருக்கீங்க."

உண்மைதான். பெரியம்மா சொல்லியும், தம்பி சொல்லியும், அம்மா நகரவில்லை. மூட்டு வலி என்பாள், இங்கிலீஷ் தெரியாது என்பாள். அன்றுதான் நிஜக் காரணத்தைச் சொன்னாள். கேமராவுக்கு மிக அருகில் வந்து, அமெரிக்கா ஒட்டுக்கேட்டுவிடும் என்பது போலக் கிசுகிசுத்தாள்.

"அதுல ஒரு கேள்வி கேப்பான் மக்கா. கம்யூனிஸ்ட் கட்சியில இருந்தியா, அதுகூட ஏதாவது தொடர்பு உண்டான்னு."

"நீங்க இருந்தீங்களா?"

"அங்கன்வாடி யூனியன்ல இருந்தேன்லா. சம்பளம் கூட்டிக் கேட்டு செக்ரட்டேரியட் முன்னால நான் கொடி பிடிச்சேன். அப்பம் பேப்பர்ல படம் வந்தது. நான் முன்வரிசையில வாய் திறந்து நிக்குதேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கேரளத்தில் பிறந்து சிவப்புக் கொடியைத் தொடாமல் இருப்பதென்றால் வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்திருக்க வேண்டும். அம்மாவோ இத்தனை வருடமாக அந்தப் படத்தை அமெரிக்கா எங்கோ பத்திரமாக வைத்திருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தாள். கொடி விஷயத்தை மட்டும் மாமாவிடம் சொன்னேன்; அவர் உடனே வக்கீலைப் பார்க்கச் சொன்னார். டல்லாஸில் ஒரு மலையாளி வக்கீலிடம் அப்பா அவளைக் கூட்டிப்போனார். வக்கீல் கேட்டது ஒன்றே ஒன்று. கட்சியில் மெம்பராக இருந்தீர்களா? இல்லை. யூனியன் வேறு, கட்சி வேறு; கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு டியூஷன் தொடங்கியது. அங்கே காலை, இங்கே சாயங்காலம். லேபில் ஆள் குறைந்ததும் போனை மைக்ராஸ்கோப்பில் சாய்த்து வைத்துக்கொண்டு அமெரிக்க அரசியல் பாடம் நடத்துவேன். எதிர் ஸ்டுடியோவிலிருந்து அவரும் வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். கேமராவில் விழாமல்தான் உட்காருவார், ஆனால் அம்மா விடை தெரியாமல் முழித்தால் வாயசைப்பார். அதை அம்மா பார்க்கிறாள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"நாட்டின் முதல் ஜனாதிபதி யார்?"

"டாலர்ல இருக்காரே, அவர்."

"பேர் சொல்லணும்மா."

"தேவைப்பட்டா நோட்டை எடுத்துக் காட்டுதேன்."

"அமெரிக்காக்காரங்க ஏன் இங்கிலீஷ்காரனோட சண்டை போட்டாங்க?"

"ஏன் போடாம? அவன் எங்க போனாலும் வரி கேப்பான்லா."

அந்தப் பதில் சரி. அதற்கு மட்டும் அவளுக்குப் படிப்பே தேவைப்படவில்லை. சத்தியப் பிரமாணக் கேள்விகள்தான் கஷ்டம். சட்டம் சொன்னால் நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவாயா என்று கேட்பார்கள் என்றேன். "எனக்க கை தோளுக்கு மேல பொங்காது. நான் எங்க துப்பாக்கி தூக்குவேன்?" என்றாள். ஆமாம் என்று மட்டும் சொன்னால் போதும் என்றேன். என்றைக்காவது குடிக்கு அடிமையாக இருந்ததுண்டா என்ற கேள்விக்கு, "அதை அப்பாகிட்ட கேக்கப்பிடாது, அவ்வளவுதான்" என்றாள்.

இன்னொரு கேள்விக்கு வந்தபோது வேடிக்கை நின்றுவிட்டது. முன்பிருந்த நாட்டின் மீதுள்ள விசுவாசத்தை விட்டுவிடுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அம்மா அதை இங்கிலீஷில் ஒருமுறை வாசித்தாள். அர்த்தம் கேட்டாள். சொன்னேன்.

"அப்பம் எனக்க பாஸ்போர்ட்?"

"திருப்பிக் கொடுக்கணும்மா."

"ஓட்டு?"

"அங்க போடலாம். இஞ்ச போடமுடியாது."

அம்மா தலையைக் குனிந்து சேலை முந்தானையைச் சரி செய்தாள். சேலை அல்ல, அது ஒரு சட்டை. முந்தானை இருந்த இடத்தைத்தான் சரி செய்தாள். குன்னத்துகாலில் ஒரு தேர்தல் விடாமல் ஓட்டுப் போட்டவள் அவள். காலையிலேயே குளித்து, நல்ல சேலை கட்டி, முதல் ஆளாகப் போய் நிற்பாள். நான் கல்யாணம் களிக்க வேண்டும் என்பதற்காக அவளிடம் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேண்டாம்மா, பைய யோசிப்போம் என்றேன்.

"நீ அடுத்த கேள்வியைக் கேளு" என்றாள்.

நேர்காணல் நாளில் அதிகாரி அந்தக் கம்யூனிஸ்ட் கேள்வியைக் கேட்டிருக்கிறார். அம்மா உள்ளதை உள்ளபடி சொன்னாளாம். யூனியன் சார், கட்சி இல்லை, சம்பளத்துக்காக, கொடிக்கு மட்டும் நிறம் சிவப்பு. அப்போது என்ன சம்பளம் என்று அவர் கேட்டிருக்கிறார். சொல்லியிருக்கிறாள். அவர் மனதுக்குள் டாலரில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, உங்களுக்கு யூனியன் தேவைப்பட்டதுதான் என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டாராம். அம்மா பாஸ். கொஞ்ச நாளில் ஒரு பெரிய மண்டபத்தில் பல நாட்டுக்காரர்களோடு எழுந்து நின்று வலது கையைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிரமாணம் எடுத்தாள். கை பொங்கியது எப்படி என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற பிலிப்பைன்ஸ்காரி பிடித்துக்கொண்டாள் என்றாள்.

கல்யாண விஷயத்தை மாமாவிடம் சொல்லாமல் டியூஷன் நடந்ததால், அம்மா சிட்டிசனானதை அவர் என் அமெரிக்கப் பயணத்தின் வெற்றியாக எடுத்துக்கொண்டார். லட்டு வாங்கி வந்து, "நீ இப்பம் ரெண்டாவது வரிசைக்கு மாறியாச்சு. தேதி கிட்ட வந்தாச்சு பிள்ளே. இன்னும் கொஞ்சம் பொறுத்தா பிளைட்டாக்கும்" என்றார். நான் ஸ்டுடியோக்காரரைப் பற்றிச் சொன்னேன். லட்டு அவர் கையிலேயே இருந்தது.

கோபப்படவில்லை. கோர்ட்டில் பழகியவர், வாதாடினார். நீ தனியாகப் போ. போய் கார்டு வாங்கு. திரும்பி வந்து இதே ஆளைக் கட்டு. அவனையும் அங்கிருந்து கூப்பிட்டுக்கொள். இப்போது கட்டினால் மூன்றாவது வரிசை. அது முடிவதற்குள் உனக்கு மூட்டு தேய்ந்துவிடும். அவர் சொன்னதில் சட்டப்படி ஒரு பிழையும் இல்லை. எனக்கே மனம் ஒருமுறை ஆடியது. ஸ்டுடியோக்காரரிடம் கேட்டேன்.

"நீங்க என்ன சொல்லுதீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நீ போனா காத்திருப்பேன். ஆனா போட்டோவை இனி வேற எங்கயாவது எடு. எனக்கு முடியாது" என்றார்.

முடிவை அம்மாதான் எடுத்தாள். மாமா அவளைப் போனில் பிடித்து ஒரு மணி நேரம் பேசினார். ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்த அம்மா சொன்னாள்: "அண்ணா, இவளுக்கு கல்யாணம் நடக்கதுக்கு வேண்டி நான் ஒரு நாட்டையே விட்டேன். இனி இவ கல்யாணம் களிக்கலேன்னா நான் என்னத்துக்கு அந்தக் கையைத் தூக்கினேன்?" அந்த வாக்கியத்தை அவள் அன்றோடு நிறுத்தவில்லை. இன்றுவரை போனை எடுக்க நான் தாமதித்தால் அதையே எடுத்து வீசுகிறாள்.

அவர் இந்து, நான் கிறிஸ்தவள். யாரும் யாருக்காகவும் மாறுவதில்லை என்று முடிவு செய்திருந்ததால் சப் ரிஜிஸ்டிரார் ஆபீசில் மனுக் கொடுத்தோம். ஒரு மாதம் நோட்டீஸ் ஒட்டுவார்கள், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம். அந்த ஒரு மாதமும் ரத்தம் கொடுக்க வந்தவர்கள் ஒருவரும் அமெரிக்காவைப் பற்றிக் கேட்கவில்லை. எல்லோரும் போர்டைப் படித்திருந்தார்கள். மாமாவும் ஒருநாள் பஸ் ஏறிப் போனார். ஆட்சேபணை எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறார். காரணம் என்ன என்று கிளார்க் கேட்டார். பெண்ணுக்கு அமெரிக்கா போவது தாமதமாகும் என்றார் மாமா. இருவரில் யாருக்காவது முன்பே கல்யாணம் ஆகியிருந்தால் சொல்லுங்கள், வயது குறைவாக இருந்தால் சொல்லுங்கள், அமெரிக்காவுக்கெல்லாம் சட்டத்தில் இடமில்லை சார் என்று கிளார்க் பணிவாகச் சொல்லியிருக்கிறார். மாமா அவரிடம் சட்டப் புத்தகத்தை வாங்கி நின்றபடியே முழுதும் படித்துப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்து என்னிடம் தானே இதையெல்லாம் சொன்னார். "எனக்கு ஒரு பாயிண்டும் கிட்டல்ல" என்று மட்டும் வருத்தப்பட்டார். பிறகு, சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் உண்டா என்று கேட்டார். கையெழுத்தையும் அவரே போட்டார், முழுப் பெயர், முன்னாள் உத்தியோகம் சகிதம்.

கல்யாணத்துக்கு அம்மா விசா எடுத்து வந்தாள். திருவனந்தபுரத்தில் இறங்கியவள் பழக்கத்தில் இந்தியர்கள் வரிசையில் போய் நின்றிருக்கிறாள். நீங்கள் அந்தப் பக்கம் என்று அதிகாரி கைகாட்டியிருக்கிறார். வெளிநாட்டவர் வரிசையில் ஒரு ரஷ்யக் கூட்டத்துக்கும் யோகா படிக்க வந்த ஒரு பையனுக்கும் நடுவே அம்மா நின்றாள். எங்கே தங்குவீர்கள் என்று கேட்டார்களாம். "எனக்க வீட்டில" என்று தமிழிலேயே சொன்னாளாம். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் பேசிய முதல் விஷயம், "அந்தப் பையன் எங்க? வாயசைச்சுத் தருவானே, அவன்."

கையெழுத்துப் போட்டோம். பக்கத்து பேக்கரியில் எல்லோருக்கும் பஃப்ஸும் சாயாவும். அவருடைய அம்மாவும் என் அம்மாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மூட்டு வலிக்கு ஆயுர்வேதக் குழம்பு தேய்ப்பதா தைலம் தேய்ப்பதா என்று பேசினார்கள். கல்யாணப் போட்டோ எடுக்கத்தான் ஆள் இல்லாமல் போனது. ஊரில் உள்ள ஒரே போட்டோக்காரர் மாப்பிள்ளையாக நின்றதால் அப்பா டல்லாஸிலிருந்து வீடியோ அழைப்பில் உத்தரவு போட, மாமா போனில் எடுத்தார். எல்லாப் படத்திலும் மாமாவின் விரல் உண்டு.

இப்போது நாங்கள் ஸ்டுடியோவுக்கு மேல் மாடியில் இருக்கிறோம். சபைக்கு வெளியே கல்யாணம் களித்ததால் என்னைப் பாட்டுக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். கிறிஸ்மஸ் நெருங்கியபோது இரண்டாம் குரலுக்கு ஆள் போதாமல் திரும்பக் கூப்பிட்டார்கள்; நான் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுப் போனேன். அமெரிக்கா வந்தால் வரட்டும் என்று இருக்கிறேன். வந்தால் போவேனா என்று கேட்டால் தெரியாது. அவர் கேட்பதில்லை.

போன மாதம் ஒருநாள் அம்மா அழைத்தாள். அங்கே ஏதோ தேர்தல், முதல் முறையாக ஓட்டுப் போட்டுவிட்டு வந்திருந்தாள். குளித்து, சேலை கட்டித்தான் போனாளாம். "வரிசையில ஒருத்தனும் சண்டை போடல்ல. ஒரு கொடியும் இல்ல, ஒரு சத்தமும் இல்ல. சாவு வீடு கணக்கா இருந்தது" என்றாள். பிறகு இடது கை விரலைக் கேமரா முன்னால் நீட்டினாள். நகத்தில் ஒன்றுமில்லை.

"மை வைக்க மாட்டானா?" என்றேன்.

"சட்டையில ஒட்ட ஒரு ஸ்டிக்கர் தந்தான். அதை அப்பா எடுத்து பிரிட்ஜில ஒட்டியாச்சு. சும்மா கையோட வந்தா, நான் போட்டதை ஆரு நம்புவா மக்கா?"

நான் நம்புகிறேன் என்றேன். அவள் விரலை இன்னொரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை சாப்பிட்டானா என்று கேட்டாள்.